உலக உரிமை மொத்தத்தையும் ஓடிடிக்கு எழுதிக் கொடுக்கலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “நண்பர்கள் நாலு பேர் பணம் போட்டு முதல் படத்தை முடித்துவிட்டோம். வெளிநாட்டு ஓடிடி தளங்களுக்குப் படங்களை வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகர், அதாவது ஒரு அக்ரிகேட்டர், உலக உரிமை மொத்தத்தையும் கேட்கிறார். சென்சாரும் தேவையில்லை, அந்தச் செலவு மிச்சம் என்கிறார். கையெழுத்துப் போடலாமா?”

இப்போது போடாதீர்கள்.

ஓடிடியில் வெளியிட சென்சார் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மைதான். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது வகையைத் தளமே போட்டுக்கொள்ளும். ஆனால் நாளைக்கு ஒரு சேனல் சாட்டிலைட் உரிமை கேட்டால், யு அல்லது யு/ஏ சான்றிதழ் இல்லாமல் பேச்சே தொடங்காது. தியேட்டருக்கும் ஏதாவது ஒரு சென்சார் சான்றிதழ் வேண்டும். மிச்சம் பிடிக்க வேண்டிய செலவு இதுவல்ல.

2020 மே மாதம், ஊரடங்கில், ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வந்தபோது தியேட்டர்காரர்கள் கொதித்துப் போனார்கள். அன்று தளங்கள் படத்தைத் தேடி வந்தன. இன்று தியேட்டரில் எப்படி ஓடியது என்று பார்த்துவிட்டுத்தான் பல தளங்கள் விலை பேசுகின்றன. பேரம் கை மாறிவிட்டது. அதனால்தான் சின்னப் படக்காரர்களிடம் இப்படி மொத்தமாகக் கேட்கிறார்கள்.

சரி, ஒப்பந்தத்தை எடுங்கள். தொகை எழுதிய பக்கத்தை அப்புறம் பார்க்கலாம். முன்னால் வரையறைகள் பகுதியில் ‘உரிமைகள்’ என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். “நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும்” என்று இருந்தால் சாட்டிலைட், டப்பிங், ரீமேக், எஃப்எம்எஸ் எனப்படும் வெளிநாட்டு உரிமை எல்லாம் அந்த ஒரே வரியில் போய்விடும். தன் படத்தின் தெலுங்கு டப்பிங்கை வேறொருவர் விற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். கையெழுத்து அவருடையதாகவே இருந்ததால் என்னால் பெரிதாக உதவ முடியவில்லை.

பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவு உங்கள் பக்கம்தான் நிற்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை உங்களிடமே திரும்பிவிடும். ஆனால் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் நிற்காது. அந்த ஓராண்டு விதிதான் 19(4). “19(4) பொருந்தாது” என்று கடைசிப் பக்கங்களில் ஒரு சின்ன வரி இருக்கலாம். இருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அக்ரிகேட்டர் படத்தை எந்தத் தளத்திலும் ஏற்றாமல் வைத்திருந்தால், படத்தை மீட்க உங்களுக்குக் கைகொடுப்பது அந்த ஓராண்டு விதிதான்.

ஸ்ட்ரீமிங் உரிமை மட்டும், இத்தனை ஆண்டுக்கு, இன்ன நாடுகளுக்கு என்று திருத்தி எழுதித் தரக் கேளுங்கள். வருவாய்ப் பகிர்வு என்றால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வரும், அதைச் சரிபார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நாலு பேர் பணம் போட்டதாகச் சொல்கிறீர்கள். படம் யார் பெயரில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போடலாம் என்று உங்களுக்குள் பத்திரம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே எழுதிக்கொள்ளுங்கள். கதாசிரியர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோரிடம் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தத் தளமாக இருந்தாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.