பதில்: எட்டு ஏக்கர் சரளைச் சரிவு, விலகத் துடிக்கும் இருவர்

வணக்கம். ஏழு பேர் சேர்ந்து வாங்கிய நிலத்தில் நட்ட கன்றுகள் முதல் கோடையிலேயே கருகிவிட்டன, இருவர் பங்கைப் பிரித்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மறுபடியும் கன்று வாங்கலாமா என்றால், இந்த ஆண்டு வேண்டவே வேண்டாம்.

மழைநீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. அதை நிறுத்தாமல் எதை நட்டாலும் வீண். சரிவின் குறுக்கே சமமட்டத்தில் வரப்பு போடுங்கள். மட்டம் பார்க்க இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, இடையில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டால் போதும். கயிறு சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கம்புகளின் கால்களை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றி வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளியில் கயிறு நின்றால் இரு கால்களும் ஒரே மட்டம். வேலையை மேட்டிலிருந்து தொடங்குங்கள். கீழே தொடங்கினால் முதல் பெருமழையே உடைத்துவிடும். மிகுதி நீர் வழியக் கல் பாவிய வழியும் வேண்டும். மழை பிடித்ததும் பசுந்தாள் உரப் பயிரான சணப்பையை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள்.

ஆட்கள் விஷயம்தான் சிக்கல். விலகும் விதிகளை எழுதாமலே நிலம் வாங்கியிருக்கிறீர்கள் (நட்பு இருக்கும்போது யாருக்குத்தான் எழுதத் தோன்றும்!). இருவருக்கும் பணமாக, தவணையில் கொடுங்கள், நிலமாக வேண்டாம். சரிவைத் துண்டுபோட்டால் மேல்பங்கின் வெள்ளம் கீழ்ப்பங்கில் இறங்கும். போட்ட பணம் எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகர நெசவாளர்கள் தொடங்கிய சங்கத்தின் வழியாகப் பரவிய கூட்டுறவு முறை அது.

பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லையே?