மூன்று டிக், ஒரு சீட்டு: எந்தக் கதவு முதலில் சாத்தும்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல், கணிதம் எடுத்துப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஒரு பல்கலைக்கழகக் கையேட்டில் பி.எஸ்சி. உளவியல், ஐந்தாண்டு எம்.எஸ்சி. உயிர் அறிவியல், விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) என்று மூன்றுக்கும் டிக் போட்டு வைத்திருக்கிறாள். கவுன்சலர் ஆகவும் ஆசை, ஆராய்ச்சியும் பிடிக்கும், வீடியோ எடுக்கவும் பிடிக்கும். எதில் சேர்க்கலாம்? (ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)

அம்மா, எந்தப் படிப்பு உசத்தி என்று என்னைக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் படிப்பை விட்டால் பிறகு அதற்குத் திரும்பி வர முடியாது என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சாத்துவது அறிவியல் கதவு. விஸ்காம் முடித்த பெண் மூன்று வருடம் கழித்து எம்.எஸ்சி. உயிரியல் படிக்க வந்தால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். உயிரியல் பட்டம் வாங்கியவளோ இதழியலுக்குப் போகலாம். சென்னை ஏசிஜே (ஆசிய இதழியல் கல்லூரி) மாதிரி இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். கவுன்சலிங் எம்.எஸ்சி.க்கும் பல இடங்களில் அப்படித்தான். ஆகவே உண்மையிலேயே மூன்றும் சமமாகப் பிடித்தால் அறிவியலில் தொடங்குவதில் நஷ்டம் குறைவு.

ஆராய்ச்சி என்றதும் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நாட்டில் ஏழு ஐசர்கள் இருக்கின்றன, பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐஏடி என்ற அவர்களது தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் ஊர்க் கல்லூரியிலேயே ஒரு பி.எஸ்சி. போதும். பட்டம் முடிக்கும் தறுவாயில் ஜாம் தேர்வு எழுதி ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேரலாம். அப்புறம் சிஎஸ்ஐஆர்-யூஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. பிஎச்.டி. என்றால் பத்து வருடம் அப்பா பணத்தில் படிப்பது என்று உறவினர் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி உட்பட மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தால், தனக்கு இது ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

கவுன்சலிங்கில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 'கவுன்சலர்', 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' இரண்டும் ஒன்றல்ல. பி.எஸ்சி. உளவியல் முடித்ததும் போர்டு மாட்டலாம் என்று நினைத்துச் சேருபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். கவுன்சலிங்கில் எம்.எஸ்சி. முடித்தால் பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம் என்று வேலைக்குப் போகலாம். சிபிஎஸ்இ உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஆலோசகர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது இணைப்பு விதியிலேயே இருக்கிறது. ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள, இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த படிப்பும் பதிவும் கட்டாயம். 2017 மனநலச் சட்டமும் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி உள்ள முழுநேரப் படிப்பைத்தான் கணக்கில் எடுக்கிறது. அந்தப் பக்கம் போக ஆசை என்றால் மட்டும், இளங்கலையிலேயே உளவியல் எடுப்பது நல்லது. கல்லூரிக்காரர் "அங்கீகாரம் இருக்கு மேடம்" என்றால், எந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, தரும் அங்கீகாரம் வேறு, ஆர்சிஐ அங்கீகாரம் வேறு. ஆர்சிஐ இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரும் அந்தப் படிப்பின் பெயரும் இரண்டுமே இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. 'இப்போது வேறு ஏதாவது படி, சைக்காலஜியை அஞ்சல் வழியில் முடித்துக்கொள்' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அந்த வழி அடைபட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யூஜிசி சொல்லிவிட்டது.

விஸ்காமுக்குப் பதிவும் கிடையாது, உரிமமும் கிடையாது. அவள் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுப்பார்கள். அதனால் கல்லூரியில் பிளேஸ்மென்ட் சதவீதத்தைக் கேட்காமல் கேமரா அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு முறை ஒரு கல்லூரியில் நான் அப்படிக் கேட்டபோது, சாவி வரவே அரை மணி நேரம் ஆனது. அறுபது மாணவர்களுக்கு நான்கு கேமரா. அதில் ஒன்றுக்கு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நல்ல துறை என்றால் கேமரா எடுத்துப்போகும் பதிவேடு கந்தலாகியிருக்கும். போன வருட மாணவர்களின் குறும்படத்தையும் கேட்டுப் பாருங்கள். யூடியூப் இணைப்பு கொடுக்கத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

வீடியோ ஆசையை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. உங்கள் மகள் கையில் போன் இருக்கிறது, எடிட்டிங் கற்றுக்கொள்ள மூன்று வருடப் பட்டம் தேவையில்லை. ஆய்வுக்கூடத்தை வீட்டில் வைக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சேரும் அன்று ஒன்றில் கவனமாக இருங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யூஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. காட்டிச் சரிபார்த்துவிட்டு, நகலைக் கொடுத்து, ஒரிஜினலைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தால் ஓட வேண்டியிருக்கும்.