அக்காவும் தம்பியும் ஊர் சுற்ற வடசென்னையில் என்ன இருக்கிறது?

கேள்வி: நானும் என் தம்பியும் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்கள். அவனுக்கு இப்போது ஓசூரில் வேலை, பொங்கலுக்கு ஒரு வாரம் வருகிறான். எங்காவது போகலாம் என்றால் எல்லாரும் மால், மகாபலிபுரம் என்கிறார்கள். நம்ம பக்கத்திலேயே கொஞ்சம் விசித்திரமான இடங்கள் இருக்கிறதா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நிறையவே இருக்கிறது. ஆனால் நம்ம பக்கத்து இடங்கள் எந்நேரமும் போய் நின்று பார்த்துவிட்டு வருகிற மாதிரி இருக்காது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு, அந்த வேளையில் போனால்தான் அதைப் பார்த்ததாகக் கணக்கு. அதனால் ஒரே நாளில் பத்து இடம் என்று பட்டியல் போடாதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு இடம் போதும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பியுங்கள். மெட்ரோவில் மண்ணடியில் இறங்கி அரண்மனைக்காரன் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். கடைகளெல்லாம் மூடியிருக்கும், மற்ற நாளில் தோள் இடிக்காமல் நடக்க முடியாத தெரு அன்றைக்குக் காலியாகக் கிடக்கும். அங்கே இருக்கிற ஆர்மீனியத் தேவாலயத்தில் ஞாயிறு காலை 9.30க்கு மணி அடிப்பது வழக்கம். இப்போது நிற்கிற கட்டடம் 1772ல் எழும்பியது. கோயில் இருக்கிறது, வியாபாரம் செய்ய வந்து இங்கேயே குடியிருந்த ஆர்மீனியர்கள்தான் இல்லை. மணிக்கூண்டு தனியாகப் பக்கத்தில் நிற்கும், அதில் ஆறு மணிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ, ஒன்று போல இன்னொன்று இருக்காது. 1837ல் வந்த இரண்டு மணிகளில் தாமஸ் மியர்ஸ், லண்டன் என்று வார்த்தவரின் பேர் இருக்கிறது. இன்னொன்றில் தமிழ் எழுத்தே இருக்கிறது, 1808ல் மறுபடி வார்த்தபோது பொறித்தது. 1778ஆம் வருடத்து மணிகள் இரண்டும் எலியாசர் ஷாமியர் என்ற 19 வயதுப் பையனின் நினைவாகக் கொடுத்தவை, அந்தப் பையனின் கல்லறையும் அதே வளாகத்தில்தான்.

மணி அடித்து முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், தரையைப் பாருங்கள். நீங்கள் நடப்பதே கல்லறைக் கற்கள் நடுவில்தான், பலவற்றில் ஆர்மீனிய எழுத்து. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794ல் இந்தச் சென்னையில்தான் அச்சானது, அஸ்தாரார் என்று பேர், அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்தக் கல் முன்னால் நிற்கும்போது மனசு நெகிழ்ந்துபோகும்.

அப்புறம் ஒரு சாயங்காலம் பேசின் பிரிட்ஜ் பக்கம், பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிற மாடிப் பூங்காவுக்குப் போங்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியும் படையெடுத்து வந்து போன பயத்தில் கறுப்பர் நகரத்தைச் (இப்போதைய ஜார்ஜ் டவுன்) சுற்றி கம்பெனிக்காரர்கள் ஒரு மதில் எழுப்பினார்கள், அதில் மிஞ்சிய துண்டின் மேல்தான் அந்தப் பூங்கா இருக்கிறது. அந்த மதிலுக்காக மக்களிடம் வரி வாங்கப் பார்த்தார்கள், வசூல் நடக்கவே இல்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பேர் மட்டும் தங்கிவிட்டது. தினமும் அந்த ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு மதில் இன்னும் இருக்கிறது என்று தெரியும்? உங்கள் தம்பிக்குக் காட்டுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்குப் பழைய கட்டடம் என்றால் உயிர், எனக்குச் சாப்பாடு. சேர்ந்து கிளம்பினால் பாதி வழியிலேயே சண்டை வந்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு நாள் சொல்லுங்களேன்.
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: பகல் அண்ணனுக்கு, சாயங்காலம் உங்களுக்கு. இப்படிப் பிரித்துக்கொண்டால் சண்டைக்கே இடமில்லை.

பகலில் ராயபுரம் ரயில் நிலையம். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வடக்கே போகிற புறநகர் ரயிலில் அடுத்த நிறுத்தம். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பம்பாயிலும் ஹவுராவிலும் இதற்கு முன்பே ரயில் விட்டார்கள்தான், ஆனால் அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடங்கள் அங்கே இல்லை, நம்முடையது நிற்கிறது. சிவப்புச் சுவர், வரிசையாக வெள்ளைத் தூண்கள். இத்தனை பெருமை உள்ள இடத்தில் ரயில் வந்து போகிற நேரம் தவிர ஆள் நடமாட்டமே குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்தான். அங்கிருந்து பார்சிகளின் அக்கினிக் கோயிலுக்கு ஆட்டோ பிடித்தால் பக்கம். 1910ல் கட்டியது, தமிழ்நாட்டிலேயே இது ஒன்றுதான். ஜால் என்ற மகனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த ஒரு தகப்பன் அவன் பேரில் கட்டிக் கொடுத்தார். பார்சிகள் அல்லாதவர்கள் உள்ளே போகக் கூடாது, வெளியிலிருந்து பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்துவிடுங்கள், கேட்டில் நின்று வாதாட வேண்டாம்.

இருட்டத் தொடங்கியதும் உங்கள் முறை. பர்மா பஜாருக்கு எதிர்ப்பக்கம் செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ வண்டிகள் வந்துவிடும். மஞ்சள் நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, பொடியாக அரிந்த முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், நொறுக்கின பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பான பர்மாக்காரர் பலகாரம்), புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள் எல்லாம் சேர்த்து கையாலேயே பிசைவார்கள், கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். காரம் கம்மி வேண்டுமென்றால் பிசையும் முன்பே சொல்லிவிட வேண்டும். இதை அண்ணனும் ரசிப்பார், ஏனென்றால் அந்தத் தட்டிலும் வரலாறு இருக்கிறது. 1960களில் பர்மாவில் கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள், வியாசர்பாடியில் குடியேறினார்கள், பஜாரில் கடை போட்டார்கள். அந்தக் குடும்பங்கள் கொண்டுவந்த ருசி இது.

வயிற்றில் இடம் மிச்சமிருந்தால், அல்லது இன்னொரு நாள், சௌகார்பேட்டை தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவில் வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி, மேலே சீஸ். நம்ம ஊர் முறுக்கு வடநாட்டுக்காரர் தெருவில் இப்படி மாறியிருக்கிறது. நிற்கிற இடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், பார்சல் வாங்கினால் வீட்டுக்கு வருவதற்குள் நமுத்துப்போகும்.

கேள்வி: என் தங்கைக்கு காசிமேட்டு மீன் ஏலம் பார்க்க ஆசை. அம்மா விடமாட்டேன் என்கிறார். கூட்டிப் போகலாமா?
– வாசகர், கொளத்தூர்

பதில்: தாராளமாக. ஏலம் எடுப்பது, மீன் விற்பது, ஆய்ந்து கொடுப்பது என்று அங்கே எங்கே பார்த்தாலும் பெண்கள்தான், அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள், வஞ்சிரம் நல்லதா என்று செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்ல உங்கள் இருவரையும்விட அவருக்குத்தான் தெரியும். விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். தரை முழுக்க ஐஸ் தண்ணியும் செதிலும், வழுக்காத ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கூடை தூக்கி வருகிறவர்களுக்கு வழி விடுங்கள், ஏலம் நடக்கிற வட்டத்துக்குள் போய் போனை நீட்டாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அப்போது போனால் படகுகள் கட்டிக் கிடப்பதைத்தான் பார்க்கலாம், அதற்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.