வெறும் குடமும் ஒரு மேயரும்

கேள்வி: 'மேயர் என்றால் சத்தியமூர்த்திதான்' என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அவர் வெறும் ஓர் ஆண்டுதானே சென்னை மேயராக இருந்தார்? பெரிய பேச்சாளர், தியாகி, காமராஜரின் குரு. அதோடு விட்டுவிடக் கூடாதா?
— ஒரு வாசகர், திருவள்ளூர்

பதில்: அந்த 'வெறும்' மட்டும் இல்லாதிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். வெறும் கை, வெறும் வயிறு, வெறும் பேச்சு என்று தமிழில் எத்தனையோ உண்டு. சென்னையில் வளர்ந்த எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெறும் குடம்.

வெறும் குடம் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்பார்கள். அந்தச் சகுனத்தைப் பார்த்திருந்தால் எங்கள் தெருவில் ஒருவரும் வேலைக்கே போயிருக்க முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு அடிபம்பைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் நிற்கும். குடம் பற்றாத வீட்டுக்காரர்கள் ஒரு செங்கல்லை வைத்து இடம் போட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள். அந்தச் செங்கல்லை யாரும் நகர்த்தமாட்டார்கள். அதற்கு அவ்வளவு மரியாதை. தண்ணீர் வருமுன் பம்பு காற்றை இழுத்து ஒரு கேவல் கேவும். எவ்வளவு அசந்து தூங்கினாலும் அந்தச் சத்தத்துக்கு அம்மா எழுந்துவிடுவாள். கைக்கு வலு இல்லாத வயதில் பம்புப் பிடியின் மேல் வயிற்றைச் சாய்த்துத் தொங்கி அடித்திருக்கிறேன். அந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரப் பாடுபட்ட மனிதருக்கு முன்னால் 'வெறும்' என்று போட்டால் எனக்குக் கோபம் வருகிறது, ஐயா.

அந்த ஓர் ஆண்டைப் பார்ப்போம். அன்று எல்லா மேயர்களுக்கும் ஓராண்டுதான். கவுன்சிலர்கள் வருஷத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சத்தியமூர்த்தியின் முறை 1939-40. உலகப் போர் தொடங்கிவிட்டது. 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்துவிட, மாகாணம் கவர்னர் கைக்குப் போய்விட்டது. சோழவரம், செங்குன்றம் ஏரிகளை நம்பியிருந்த நகரத்துக்கு அவை போதவில்லை. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தாலோ வந்த வேகத்தில் எண்ணூரில் கடலோடு கலந்துவிடும். அதைப் பூண்டியில் மறித்துத் தேக்க வேண்டும். போர்க்காலத்தில் ஓர் அரசாங்கத்தை இதற்குச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமா? அதுவும் தன்னைச் சிறையில் போட்ட அரசாங்கத்தை? 1940 ஆகஸ்டில் கவர்னர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். நீங்கள் 'பேச்சாளர்' என்று சொல்லிக் கடந்துபோன அந்தப் பேச்சுத் திறமை இதற்குத்தான் பயன்பட்டது.

1944-ல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது பார்க்க அவர் இல்லை. 1942 போராட்டத்தில் கைதாகி, உடல் நைந்து, 1943 மார்ச் 28-ல் காலமாகிவிட்டார். சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள். ஜனங்களுக்கு அது பூண்டி ஏரிதான். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் பெயரைத் தாங்கிய காங்கிரஸ் கட்சி அலுவலகத்தின் கோஷ்டிச் சண்டைதான் இன்றைய பையன்களுக்கு அவரை ஞாபகப்படுத்துகிறது என்பதில்தான் வருத்தம்.

'கமிஷனர் இருக்கும்போது மேயர் எதற்கு?' என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இந்தப் பக்கத்துக்கு எழுதினாரே, ஞாபகம் இருக்கிறதா? அவருக்கு மறுபடியும் சொல்கிறேன். 1688-ல் தொடங்கிய மாநகராட்சி இது. 1973-ல் மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் நடந்தது 1996-ல். 23 ஆண்டுகள்! இடையில், 1978-ல், குடிநீரையும் கழிவுநீரையும் மாநகராட்சியிடமிருந்து எடுத்துத் தனி வாரியத்திடம் கொடுக்கச் சட்டம் வந்தது. எங்கள் வார்டு சார்பில் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கை தூக்க, மன்றத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. பூண்டியைக் கேட்டு வாங்கிய நாற்காலியிடம் இன்று தண்ணீரே இல்லை. வாரியம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே இருக்கும் என்ஜினியர்களின் உழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் குழாயில் காற்று வந்தால் நான் யாருக்கு ஓட்டுப் போடாமல் இருப்பது?

2016-லிருந்து 2022 வரை மறுபடியும் மன்றம் இல்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அன்று மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகையில் மேயரே கிடையாது. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்று சட்டத்தை மாற்றி மாற்றி எழுதியதுதான் மிச்சம். எப்படி வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுத்தவரிடம் தண்ணீரைக் கொடுங்கள் என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். இன்னும் கத்துவேன்.

நீங்கள் திருவள்ளூர்க்காரர். பூண்டி உங்களுக்குப் பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியைப் பார்த்துவிட்டு, அருகில் ஊன்றீஸ்வரர் கோயிலுக்கும் போய் வாருங்கள். கண்பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு ஊன்றுகோல் கொடுத்த சாமி. அவருடைய பழைய கோயில் இருந்த திருவெண்பாக்கம் ஏரிக்குள் போய்விட்டது. சென்னைக்காரனின் குடம் நிறைய அவரே இடம் பெயர்ந்து வந்திருக்கிறார். அவரோடு நிலத்தையும் வீட்டையும் விட்டு எழுந்து வந்த ஊர் ஜனங்களின் பெயரை எந்தக் கல்லிலும் நான் பார்க்கவில்லை. அந்தக் குடும்பங்களில் யாராவது உங்கள் பக்கம் இருப்பார்கள். விசாரித்து எழுதுங்கள், ஐயா. பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.