ஆகஸ்டிலேயே இலை கொட்டுகிறதே, என் ஓக் மரம் செத்துவிட்டதா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். கொல்லையில் பெரிய நீல ஓக் மரம் ஒன்று நிற்கிறது. ஜூலை கடைசியிலிருந்து இலையெல்லாம் காய்ந்து கொட்டுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "பச்சை மரம் கண்ணெதிரே சாகுதே" என்று தினமும் தூரில் குழாயைப் போட்டுத் தண்ணீர் விடுகிறார். விடலாமா?
- வாசகி, கலிஃபோர்னியா

பதில்: முதலில் அந்தக் குழாயை எடுத்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

அம்மாவின் பதைப்பு புரிகிறது. வாடி நிற்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நம்மால் சும்மா இருக்க முடியாது. ஆனால் அந்த ஊர் மழைக் கணக்கு வேறு. அங்கே மழை குளிர்காலத்தோடு சரி, மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மண் காய்ந்தே கிடக்கும். நீல ஓக் கலிஃபோர்னியாவைத் தவிர வேறெங்கும் தானாக வளராத மரம், இந்தக் காய்ச்சலிலேயே பழகி வந்தது. இலையில் நீலம் பூசினாற்போல் தெரிகிறதே, அது மெழுகுப் பூச்சு. வெயில் ஏற ஏற இலைத்துளைகளை மூடிக்கொண்டு ஈரத்தைக் காக்கும், அதுவும் போதாத வருடம் இலையையே உதிர்த்துவிட்டு வசந்தம் வரும்வரை மொட்டைக் கிளையோடு காத்திருக்கும். உங்கள் மரம் இப்போது செய்வது அநேகமாக அதைத்தான். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

வேரைப் பற்றிச் சொன்னால் அம்மாவே ஆச்சரியப்படுவார். ஓக் கொட்டை விழுந்து முளைக்கும்போது முதலில் வேரைத்தான் கீழே விடும், குளிர்காலம் முழுக்க வேர் இறங்கிய பிறகுதான் வசந்தத்தில் மேலே தளிர் வரும். வளர்ந்த மரத்தின் வேரோ பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து 70 அடிக்கும் கீழே உள்ள நிலத்தடி நீரைத் தொடுகிறது. 1964-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நிலத்தடி நீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைக் கலந்து, அது மரத்துக்குள் ஏறுகிறதா என்று பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, கொஞ்சம் தண்ணீர் விட்டால் என்ன கெட்டுவிடும்? சூடான மண்ணில் தொடர்ந்து ஈரம் நின்றால் பைட்டோப்தோரா பெருகும். நம் ஊர் மிளகுக் கொடியை ஒரே வாரத்தில் வாட வைக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த நோய்க்கிருமிதான். கூடவே ஆர்மில்லேரியா என்ற வேரழுகல் பூஞ்சையும் வரும். 200 வருடமாகக் கோடை வறட்சியைத் தாங்கிய மரம் புல்தரைக்குத் தண்ணீர் தெளித்த சில வருடங்களில் சாய்வது அங்கே நடக்கிற கதை. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். தூரைச் சுற்றிக் குறைந்தது 10 அடிக்குக் கோடையில் ஈரமே வேண்டாம், உதிர்ந்த இலையைக் கூட்டித் தள்ளாமல் மண்ணை மூடியபடி விடுங்கள், ஆனால் அடிமரத்தில் ஒட்டக் குவிக்காதீர்கள். குளிர்காலத்தில் மழை பொய்த்தால், அப்போதே, மழைக்காலம் முடிவதற்குள், கிளைகளின் ஓரத்துக்கு நேர் கீழும் அதற்கு வெளியிலும் மெதுவாக ஆழமாக நனையும்படி பாய்ச்சலாம்.

இந்த மரத்தின் பொறுமைக்கும் எல்லை உண்டு. 2012-இல் தொடங்கிய வறட்சியில் நீல ஓக்குகளும் ஏராளமாகச் செத்தன. அந்த வறட்சியின் முதல் மூன்று வருடங்கள் 1200 ஆண்டுகளில் இல்லாத அளவு கடுமையானவை என்று 2014-இல் டேனியல் கிரிஃபின், கெவின் அன்சுகைடிஸ் என்ற ஆய்வாளர்கள் சொன்னதும் நீல ஓக் உள்ளிட்ட மரங்களின் ஆண்டு வளையங்களை வைத்துத்தான். நல்ல மழை வருடத்தில் வளையம் அகலமாக இருக்கும், வறண்ட வருடத்தில் நூல் மாதிரி. அடிமரத்தில் கருப்பாக நீர் கசிந்தாலோ காளான் முளைத்தாலோ உடனே மர நிபுணரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக்குக்கும் இதெல்லாம் பொருந்துமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: பொருந்தாது. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, மக்கடேமியா கொட்டையின் குடும்பம், பெயரில் மட்டும்தான் ஓக். ஆனால் அதில் மிளகு ஏற்றியிருந்தால் கொடியின் தூரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.