பெண்களுக்கு மட்டுமான ஸ்பிரிண்ட் டிரையத்லான்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் ஏரிக்கரையில் கோடைதோறும் நடந்துவந்த டான்ஸ்கின் பெண்கள் டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) நான் பங்கேற்றதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீச்சலைப் பற்றியே கேட்டிருந்ததால், அதற்கே இங்கு கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்பிரிண்ட் என்றால் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் விரைவோட்டம் என்றுதான் பள்ளியில் படித்தோம். இந்தப் போட்டியின் தூரம் எவ்வளவு? — வாசகி, திருச்சி

பதில்: டிரையத்லானில் அந்தப் பெயர் குறுகிய தூரப் போட்டியைக் குறிக்கிறது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் என்பது பொதுவான அளவு. நான் கலந்துகொண்ட போட்டியில் அரை மைல் நீச்சல், 12 மைல் சைக்கிள், 3.1 மைல் ஓட்டம். ஏறக்குறைய அதே தூரந்தான். ஒலிம்பிக் போட்டியின் தூரம் இதைப்போல் இரு மடங்கு. மூன்றையும் இடைவேளையின்றி அடுத்தடுத்து முடிக்க வேண்டும்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு ஆகும் நேரமும் கணக்கில் சேரும்.

கேள்வி: சிறு வயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீந்தக் கற்றேன். ஆழத்தைக் கண்டு எனக்குப் பயமில்லை. அந்த நீச்சல் இதற்குப் போதுமா? — வாசகி, ஈரோடு

பதில்: ஆழத்தைக் கண்டு அஞ்சாமல் இருப்பதே பெரிய கொடை. நகரத்து நீச்சல் குளத்தில் முறையாகப் பயின்றவர்கள் பலர், காலுக்கு அடியில் தரை தெரியாத இடத்திற்கு வந்தவுடன் தடுமாறிப் போவதை நான் கண்டிருக்கிறேன். இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடப்பட்ட பெண்ணுக்கு அந்தத் தடுமாற்றம் இருக்காது. ஆனால் கிணற்று நீச்சல், குதிப்பதற்கும் முங்குவதற்கும் நாலு கை போட்டுப் படிக்கட்டைப் பிடிப்பதற்கும் பழக்கியது. தலையை நீருக்கு மேலே தூக்கியபடி அப்படி நீந்தினால் இடுப்பும் காலும் கீழே தாழ்ந்து, நூறு மீட்டருக்குள் கை சோர்ந்துவிடும். முகத்தை நீருக்குள் வைத்து, நீருக்குள்ளேயே மூச்சை முழுவதும் வெளியே விட்டு, பக்கவாட்டில் திரும்பி மூச்சை உள்ளிழுக்கும் பழக்கம் ஒன்றைத்தான் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டும். மூச்சு முறைப்பட்டால் தூரம் தானாகவே கூடும்.

கேள்வி: நாற்பது வயதை நெருங்கும்போதுதான் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டேன். ஏரியில் நூற்றுக்கணக்கானவர்களுடன் இறங்குவதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. நடுவில் முடியாமல் போனால் என்ன செய்வார்கள்? — வாசகி, சென்னை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1985-லிருந்து 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நிகழ்ந்த திடீர் மரணங்களையும், இதயம் நின்றுபோய் உயிர் மீட்கப்பட்ட நிகழ்வுகளையும், விபத்து மரணங்களையும் ஆராய்ந்த மருத்துவர்கள், மொத்தம் 135 நிகழ்வுகளில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை என்று கண்டறிந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள் என்பதும், பங்கேற்றவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய விகிதம் என்பதும் உண்மையே என்றாலும், நீச்சல்தான் மூன்றிலும் கவனம் மிகத் தேவைப்படும் பகுதி என்பதில் ஐயமில்லை. நாற்பதை நெருங்கும் ஒருவர், அதிலும் குடும்பத்தில் இளவயதில் இதயநோய் கண்டவர்கள் இருந்தால், பயிற்சியைத் தொடங்குமுன் இதயப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

இனி, அச்சத்தை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடுகளைப் பற்றிச் சொல்கிறேன். அனைவரும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. வயது வாரியாகக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறத் தொப்பி கொடுத்து, சில நிமிட இடைவெளியில் ஒவ்வொரு குழுவாக அனுப்புவார்கள். கைகால்கள் ஒன்றோடொன்று மோதும் நெரிசல், குழுவின் நடுவிலும் முன்வரிசையிலும்தான் இருக்கும். புதியவர்கள் பின்வரிசையில் ஓரமாக நின்று, மற்றவர்கள் போக விட்டுச் சற்றுத் தாமதித்துப் புறப்பட்டால் அதை முற்றிலும் தவிர்க்கலாம். பாதையின் இருபுறமும் கயாக் படகுகளில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். கையை உயர்த்தினால் அருகில் வருவார்கள். படகைப் பிடித்துக்கொண்டு வேண்டிய மட்டும் இளைப்பாறலாம், அதனால் போட்டியிலிருந்து யாரும் நீக்கப்படுவதில்லை. படகு உங்களை முன்னே இழுத்துச் செல்லக் கூடாது என்பது மட்டுந்தான் விதி. ஃப்ரீஸ்டைல்தான் நீந்த வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் நீந்தலாம், மல்லாந்து நீந்தலாம், மல்லாந்தபடியே மிதந்து வானத்தைப் பார்த்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு மறுபடியும் தொடங்கலாம்.

டான்ஸ்கின் போட்டியில் இதற்கும் மேலாக ஓர் ஏற்பாடு இருந்தது. நன்றாக நீந்தத் தெரிந்த தன்னார்வப் பெண்கள், நுரையால் ஆன நீண்ட மிதவைக் குழல்களோடு நீரிலேயே காத்திருப்பார்கள். அஞ்சுபவரின் பக்கத்தில் அவரது வேகத்திலேயே நீந்தி வருவார்கள். ஸ்விம் ஏஞ்சல்ஸ் என்று அவர்களை அழைப்பார்கள். எனக்கும், பாதையைக் காட்ட ஏரியில் இட்டிருந்த மிதவைகளில் முதலாவதை அடையுமுன் மூச்சு இறைத்தது. குளிர்ந்த நீர் மார்பைத் தொட்டவுடன் உடம்பு தன்னிச்சையாக மூச்சை வெடுக்கென்று உள்ளிழுக்கிறது; அதை நாம் பயம் என்று எண்ணிக்கொள்கிறோம், அந்த எண்ணமே படபடப்பைப் பெருக்குகிறது. அருகில் வந்த பெண், தன் குழலை என் கைக்கு எட்டும்படி நீட்டிவிட்டு, “வெளியே ஊதுங்கள், வெளியே ஊதுங்கள்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மூச்சு திணறுவதாகத் தோன்றும்போது காற்றை உள்ளே இழுக்கத்தான் எல்லோரும் முயல்வார்கள். உள்ளிருப்பதை முழுவதும் வெளியேற்றினால் அடுத்த மூச்சு தானாக வரும் என்பதை அந்த இடத்தில்தான் என் உடம்பு ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு குழல் தேவைப்படவில்லை. ஆனால் அது பக்கத்தில் இருந்தது என்பதே போதுமானதாக இருந்தது.

போட்டி தொடங்குமுன் முகத்தையும் பிடரியையும் நன்றாக நனைத்துக்கொண்டு, நீரில் சிறிது நேரம் நீந்திப் பழகிக்கொள்ளுங்கள். ஏரியில் குளத்தின் அடித்தரைக் கோடுகள் கிடையாது என்பதால், சில கைவீச்சுகளுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி மிதவை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதையும் குளத்திலேயே பழகிவிடலாம்.

கேள்வி: ஆண்களும் பெண்களும் சேர்ந்து பங்கேற்கும் போட்டிகள் இருக்கும்போது பெண்களுக்கென்று தனிப் போட்டி எதற்கு? அது தரத்தைக் குறைப்பதாகாதா? — வாசகர், மதுரை

பதில்: தூரம் அதேதான், ஏரியும் சாலையும் அதேதான், கடிகாரமும் அதேதான். ஆகவே தரம் குறைகிறது என்பதை நான் ஏற்கவில்லை. இதன் வரலாற்றையும் சற்றுப் பார்க்க வேண்டும். பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் அதிகாரபூர்வமாக ஓட அனுமதிக்கப்பட்டது 1972-இல். அமெரிக்கக் கல்வி நிறுவனங்களில் பெண்களுக்கு விளையாட்டில் சம வாய்ப்புக்கு வழிவகுத்த சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் சேர்க்கப்பட்டது. டான்ஸ்கின் என்ற பெண்கள் உடை நிறுவனத்தின் ஆதரவில் இந்தப் போட்டித் தொடர் 1990-இல் தொடங்கியபோது, அதில் சேரக்கூடிய நடுத்தர வயதுப் பெண்களில் ஏராளமானோர் பள்ளியில் எந்த அணியிலும் இடம்பெற வாய்ப்பே இல்லாமல் வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் கை கால் வலிமை இல்லாமல் இல்லை. போட்டிக் களத்தில் நிற்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தும் வகையில் ஒவ்வொன்றையும் யோசித்து அமைத்தார்கள் என்பதுதான் இந்தப் போட்டியின் சிறப்பு.

நம் ஊரில் திருமணத்திற்குப் பின் ஒரு பெண் ஓடுவதற்கே விடியுமுன் ஆளில்லாத தெருவைத் தேடுகிறாள். அவளைப் பார்க்க யாரும் நிற்காத இடம், அல்லது அவளைப் போன்றவர்களே நிற்கும் இடம், அவளுக்கு முதல் தேவையாக இருப்பதில் என்ன குறை? பிறகு அவள் கலப்புப் போட்டிக்குப் போகலாம். பலரும் அப்படித்தான் போகிறார்கள்.

கேள்வி: கடைசியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சமே என்னைத் தடுக்கிறது. — வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தக் கூச்சத்திற்கு அந்தப் போட்டித் தொடரில் ஒரு பதில் வைத்திருந்தார்கள். சாலி எட்வர்ட்ஸ் என்ற வீராங்கனை, 1980-இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் வென்றவர். இந்தத் தொடரின் முகமாக இருந்த அவர், தாம் கலந்துகொண்ட டான்ஸ்கின் போட்டிகளில் எல்லாருக்கும் பின்னால் வேண்டுமென்றே கடைசியாக வந்து முடிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். வேறெந்தப் பெண்ணும் கடைசியாக வந்தவள் என்று சொல்லப்படக் கூடாது என்பதே அவரது எண்ணம். நூறு மைல் ஓடி வென்ற கால்களை இப்படியும் பயன்படுத்தலாம் என்று காட்டியதை, அவருடைய வெற்றிகளுக்கு நிகராகவே மதிக்கிறேன்.

கேள்வி: உடை விஷயத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? நீச்சல் உடையிலேயே சைக்கிள் ஓட்டவும் ஓடவும் வேண்டுமா? — வாசகி, நாகர்கோவில்

பதில்: டிரை சூட் என்ற உடை இருக்கிறது. நீரில் நனைந்தாலும் விரைவில் உலரும். சைக்கிள் இருக்கைக்காக மெல்லிய திண்டு வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். தொடையின் நடுப்பகுதி வரை மறைக்கும். முழங்கால் வரையும் அதற்குக் கீழும் மறைக்கும் உடைகளும் கிடைக்கின்றன. வாஷிங்டன் ஏரி கோடையிலும் குளிர்ச்சியாகவே இருப்பதால் அதன் மேல் ரப்பர் போன்ற வெட்சூட் அணிந்து நீந்தினோம். அது உடலை மிதக்கவைக்கவும் உதவும். கரையேறியதும் வெட்சூட்டைக் கழற்றிவிட்டு, எண் அச்சிட்ட பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலணி அணிந்து புறப்பட வேண்டியதுதான். தனியாக உடை மாற்றுவதில்லை.

சைக்கிள்கள் நிறுத்தியிருக்கும் அந்த மாறுமிடத்தில் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு: ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் வாரை அவிழ்க்க வேண்டும். அவசரத்தில் இதை மாற்றிச் செய்பவர்களுக்குத் தண்டனை உண்டு.

கேள்வி: விலையுயர்ந்த சைக்கிள் வேண்டுமா? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். பிரேக்கும் சக்கரமும் சரியாக உள்ள கியர் சைக்கிள் போதும். எங்களுடன் கூடை பொருத்திய சைக்கிளிலும் பெண்கள் வந்தார்கள். அந்தப் பாதை, ஏரியின் மேல் கான்கிரீட் மிதவைகளில் நிற்கும் நெடுஞ்சாலைப் பாலத்தின் வழியாகச் சென்றது. அன்றாடம் கார்கள் மட்டுமே விரையும் அந்தச் சாலையில், பக்கவாட்டிலிருந்து ஏரிக்காற்று தள்ள, முன்னும் பின்னும் பெண்கள் மட்டுமே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது கண்கொள்ளாக் காட்சி. ஒவ்வொருவரின் கெண்டைக்காலிலும் வயதை மையால் எழுதியிருப்பார்கள். என்னைத் தாண்டிப் போனவர்களில் அறுபதைக் கடந்த எண்களும் இருந்தன. தாண்டும்போது “நன்றாக ஓட்டுகிறீர்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

கேள்வி: போட்டி நாளில் மாதவிடாய் வந்துவிட்டால்? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வலியும் போக்கும் தாங்கக்கூடிய அளவில் இருந்தால் தாராளமாகப் பங்கேற்கலாம். டாம்பான் அல்லது மாதவிடாய்க் கோப்பையை உள்ளே வைத்துக்கொண்டு நீந்துவதில் இடரில்லை; ஆனால் அவற்றை முதன்முதலாகப் போட்டி நாளில் பயன்படுத்தாமல், பயிற்சிக் காலத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். இதைவிட நான் கவலைப்படுவது ரத்தசோகையைப் பற்றி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. பயிற்சியில் இயல்புக்கு மீறிக் களைத்துப் போகும் பெண்கள் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாமல் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் நம்முடையவையாகவே இருக்காது என்கிறார்களே, உண்மையா? — வாசகி, சேலம்

பதில்: உண்மைதான். வட்டமாக மிதித்துப் பழகிய தசைகள் உடலின் எடையைச் சுமந்து ஓடும் வேலைக்கு மாறச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை கால்கள் கனத்து, மரத்துப் போனது போலிருக்கும். சைக்கிளின் கடைசிப் பகுதியில் இலகுவான கியருக்கு மாற்றி வேகமாக மிதித்துக்கொண்டு வாருங்கள். இறங்கியதும் சிறு சிறு அடிகளாக எடுத்து வையுங்கள். முதல் கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். நடந்து போவதற்கும் தடையில்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது? எத்தனை நாள் ஆகும்? — வாசகி, விழுப்புரம்

பதில்: ஓரளவு நீந்தவும் சைக்கிள் ஓட்டவும் தெரிந்தவருக்கு மூன்று மாதம் போதும், நீந்தவே தெரியாதவர் அதற்கு முன் நீச்சலுக்கென்று தனியாகச் சில மாதங்கள் ஒதுக்க வேண்டும். வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாள் கட்டாயம் ஓய்வெடுங்கள். வாரத்திற்கு ஒரு முறையாவது சைக்கிளை நிறுத்திய கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகுங்கள். பல மாவட்டத் தலைநகரங்களில் விளையாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்கள் இருக்கின்றன. பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா என்று விசாரியுங்கள், இல்லையென்றால் நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். மெரினா போன்ற கடற்கரைகளில் நீரோட்டம் வலுவானது என்பதால் அங்கே பயிற்சி செய்ய நினைக்கவே வேண்டாம். ஏரியிலோ அணையிலோ பழகுவதானாலும், அனுமதி உள்ள இடமாகப் பார்த்து, நன்றாக நீந்தத் தெரிந்த துணையோடு, பளிச்சென்ற நிறத் தொப்பியும் இடுப்பில் கட்டிய மிதவையும் இல்லாமல் இறங்காதீர்கள். நம் வெயிலில் சைக்கிளையும் ஓட்டத்தையும் காலை ஏழரை மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரத்திற்கு மேல் நீளும் பயிற்சியில் வெறும் தண்ணீரோடு உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறும் எடுத்துச் செல்லுங்கள்.