கரித்தூளில் ஒளிந்திருக்கும் உலோகம்

கேள்வி: பெட்ரோல் காரின் புகைக்குழாயில் உள்ள பல்லேடியம் என்ற உலோகம்தான் மருந்துத் தயாரிப்பிலும் பயன்படுகிறதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். காரில் அது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் மேல் பூச்சாக இருக்கும். புகையில் உள்ள நச்சான கார்பன் மோனாக்சைடு அதன் மேல் பட்டு, புகையின் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிவிடும்.

மருந்துத் தயாரிப்புக்கு வந்தால், நான் பல வருடம் கையாண்டது கரித்தூளில் ஏற்றிய பல்லேடியம். பார்க்க அடுப்புக்கரிப் பொடி மாதிரிதான் இருக்கும். ஆனால் பல்லேடியம் தன் பருமனைப் போல ஏறக்குறைய 900 மடங்கு ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும்! அந்த ஹைட்ரஜனை மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில், அதாவது இரு அணுக்கள் இரட்டையாகப் பிணைந்திருக்கும் இடத்தில், கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த வேதிவினை முடிந்து தூளை வடிகட்டும்போதுதான் கவனம் வேண்டும். வடிதாளில் தூள் காய்ந்தால் காற்று பட்டதுமே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் மெத்தனால் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை என் கண்முன்னே வடிதாளின் ஓரம் செந்தணலாய்க் கனன்றது. சட்டென்று ஈரத்துணி போட்டு மூடினோம். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தூளை ஈரமாகவே வைத்திருங்கள்.

அப்புறம், கார்பனோடு கார்பனை இணைக்கும் பல்லேடியம் வினைகளுக்காக ஹெக், நெகிஷி, சுசுகி மூவரும் 2010இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரும் லோசார்டான் மாத்திரையின் தயாரிப்பில் சுசுகி வினை பயன்பட்டிருக்கிறது.